திருக்கைவால் நடத்திய எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தனக்கு இப்படியொரு மலர் போடக் கூடாது என்று அக்கா எழுத்தில் தந்திருந்தார். “நினைவு மலரில் எல்லாரும் ஒரே மாதிரி நல்லவர்களாகிவிடுகிறார்கள், வாசிக்க அலுப்பாக இருக்கிறது” என்பது அவர் காட்டிய காரணம். அதை மீறித்தான், அவரது ஓராண்டுத் திருப்பலிக்கு வரும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். வாழ்நாள் முழுவதும் எவர் சொல்லையும் கேளாதிருந்தவர், தம்பி ஒரு தடவை கேளாமல் விட்டதற்காகக் கோபிக்க மாட்டார்.

கற்பிட்டிக்குத் தெற்கே, கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவிலுள்ள மீனவக் குடியிருப்பொன்றில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். நான் ஏழு வருடம் பிந்தி வந்தவன். அப்பா கரைவலை இழுத்தார். அம்மா கருவாடு போட்டார். நாங்கள் படித்த பாடசாலையில் தலைமையாசிரியரின் அலுமாரிக்குள் திருக்கை மீனின் காய்ந்த வால் ஒன்று இருந்தது. பிள்ளைகளை அடிப்பதற்காக வைத்திருந்தார். அதன் முள் முள்ளான தோல் பட்ட இடம் ஒரு கிழமைக்கு எரியும். ஒரு நாள் வாலைக் காணவில்லை. பாடசாலை முழுவதையும் வெயிலில் வரிசையாக நிற்க வைத்து, “ஆர் எடுத்தது?” என்று கேட்டார்கள்.

அக்கா கையைத் தூக்கினார். “நான்தான் சேர். கடலில விட்டிட்டன். அது அங்கதானே இருக்கவேணும்.”

அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வந்து தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். திரும்பி வரும் வழியில் மணலில் குந்தியிருந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தார் என்று அம்மா சொல்லுவார்.

படிப்பு முடிந்ததும் அக்கா கொழும்புக்குப் போய் ஒரு நாளிதழில் சேர்ந்தார். எழுத ஆசைப்பட்டது மீனவர் பிரச்சினையை. கொடுத்தது பெண்கள் பகுதியை. சில வருடம் பொறுத்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மீன் குழம்புச் சமையல் குறிப்பு இப்படித் தொடங்கியது: “முதலில் வீட்டு ஆண்மகனை எழுப்பவும். மீனையும் கத்தியையும் அவர் கையில் கொடுக்கவும். நீங்கள் கதிரையில் அமரவும்.” கண்டனக் கடிதங்கள் குவிந்தன. ஆசிரியர் கூப்பிட்டு, “இது சமையல் குறிப்போ?” என்று கேட்டிருக்கிறார். “ஓம் சேர். நாலு பேருக்குப் போதும்” என்று சொல்லிவிட்டு, அன்றே வேலையையும் விட்டு அக்கா ஊருக்கு வந்துவிட்டார். தலைமயிரைக் கட்டையாக வெட்டி, காற்சட்டை அணிந்து, கையில் தட்டச்சுப் பொறியுடன் அவர் பஸ்ஸில் இருந்து இறங்கியதைப் பார்த்த எங்கள் பெரியம்மா, அடையாளம் தெரியாமல் “தம்பி ஆரைத் தேடுறீங்க?” என்று கேட்டார்.

அந்த நாட்களில் போரில் மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டு வந்த பாரூக் நானா, புத்தளத்தில் ஒரு சிறிய அச்சகம் போட்டிருந்தார். கல்யாணக் கார்ட் அடிப்பதுதான் அவருக்குத் தொழில். அவரோடு சேர்ந்துதான் அக்கா தன் பத்திரிகையைத் தொடங்கினார். நான்கு பக்கம், மாதம் இருமுறை. அதற்குத் ‘திருக்கைவால்’ என்று பெயர் வைத்தார். களப்புக்குள் கழிவு விட்ட இறால் பண்ணைக்காரர், அகதி முகாமுக்கு வந்த அரிசியில் கல் கலந்தவர்கள், பெண்ணை வேலைக்கு விடமாட்டோம் என்று கூட்டம் போட்ட பெரியவர்கள், ஒருவரும் தப்பவில்லை. எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழு ஐந்து வருடமாக ஒரே பாட்டைப் பிழையாகப் பாடுவதும் அதில் வந்தது. பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டுகளை வைத்துக் கட்டி, சிலாபம் வரைக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுப்பார்.

என்னையும் அவர் விடவில்லை. எனக்குத் தபால் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை கிடைத்த மறு வருடம் கல்யாணம் பேசினார்கள். பெண் சிலாபத்தில் ஆசிரியை, பெயர் ஜெசிந்தா. வீடு, மோட்டார் சைக்கிள், நகை என்று சீதனப் பேச்சு வளர்ந்தது. பெரியவர்கள் பேசுகிறார்கள் என்று நான் வாய் திறக்காமல் இருந்தேன். அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு விளம்பரம் வந்தது.

“விற்பனைக்கு: தபால் கந்தோர் எழுதுவினைஞர் ஒருவர். வயது இருபத்தெட்டு. கண்ணாடி அணிபவர். கடற்கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாது. போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவார், கோப்பை கழுவமாட்டார். வீடும் மோட்டார் சைக்கிளும் உள்ளோர் வந்து பார்வையிடலாம்.”

பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை, எங்கள் கந்தோரில் கண்ணாடி போட்டவன் நான் ஒருவன்தான். தூர ஊர்களுக்குத் தபாலில் போன அந்த இதழின் கட்டுகளுக்கு முத்திரை குத்தி அனுப்பியவனும் நானே. முத்திரை வாங்க வந்த ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “பார்வையிட வந்தன்” என்று சொன்னபோதுதான் விசயம் விளங்கியது.

அதை அச்சடிப்பதற்கு முன் பாரூக் நானா தயங்கியிருக்கிறார். “தங்கச்சி, சொந்தத் தம்பியைப் போட்டு இப்பிடி அடிக்கலாமா?”

“மற்றவங்கட தம்பியை மட்டும் அடிச்சா அது பத்திரிகை இல்ல நானா.”

நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் கத்தினேன். “என்ட கல்யாணத்தைக் குழப்பிப் போட்டீங்களே அக்கா!”

“நான் குழப்பேல்லயடா. விக்கிற சாமானை விளம்பரம்தான் போட்டன். வித்துப்போட்டு வா, சாப்பிடுவம்” என்றார். நான் சாப்பிடவில்லை. மூன்று நாள் அவரோடு கதைக்கவும் இல்லை.

நான்காம் நாள் வந்த தபாலில் எனக்கொரு கடிதம் இருந்தது. ஜெசிந்தா எழுதியிருந்தார். “விளம்பரம் பார்த்தேன். கோப்பை கழுவப் பழகலாம். நீந்தவும் பழகலாம். ஆனால் விலை கேட்கிறவரை நான் கட்டமாட்டேன். ஒன்றும் வேண்டாம் என்று நீங்களே வந்து என் அப்பாவிடம் சொன்னால் எனக்குச் சம்மதம்.”

அரை நாள் லீவு போட்டுச் சிலாபத்துக்குப் பஸ் ஏறினேன். அவர்கள் வீட்டு முன்கூடத்தில் ஜெசிந்தாவின் அப்பா முன்னால் போய் நின்றேன். “ஐயா, எனக்குச் சீதனம் ஒண்டும் வேணாம்” என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். அவர் தன் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தம்பிக்கு ஏதும் வருத்தம் கிருத்தம், நோய் நொடி இருக்கோ?” என்று கேட்டார். திரைச்சீலைக்குப் பின்னால் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் கடந்த முப்பது வருடமாக நான் குடும்பம் நடத்துகிறேன். கோப்பையும் கழுவுகிறேன். நீந்த மட்டும் இன்னும் வரவில்லை.

அக்கா கல்யாணம் செய்யவில்லை. கேட்டவர்களுக்கு, “எனக்கு மாதம் ரெண்டு பிரசவம்” என்று சொல்லுவார். அவருக்குப் பயமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. மோட்டார் சைக்கிளின் விளக்கை ஒருமுறை கல்லால் உடைத்தார்கள். இன்னொருமுறை பாரூக் நானாவின் அச்சகக் கதவில் தாரைப் பூசினார்கள். அப்படியான நாட்களில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். உரித்து முடித்ததும் எழுந்து போய் அடுத்த இதழை எழுதத் தொடங்குவார்.

அவர் அறுபதைக் கடந்த பிறகு, எங்கள் கடற்கரையில் வந்த உல்லாச விடுதியொன்று கரைவலைக்காரர் நடக்கும் பாதையைக் கம்பி வேலியால் அடைத்தது. வலையைத் தோளில் சுமந்து மூன்று மைல் சுற்றிப் போகவேண்டி வந்தது. அக்கா ‘திருக்கைவால்’ இதழைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்டார். அந்தப் பாதையால் யார் யார் நடந்தார்கள், என்ன சுமந்தார்கள் என்பது மட்டுமே அதில் இருந்தது. எங்கள் அப்பாவின் பெயரும் இருந்தது. பெயர் வந்தவர்களில் உயிரோடிருந்த அத்தனை பேரும், அக்காவும், பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்கு முன்னால் போய்க் குந்தியிருந்தார்கள்.

பொலிஸ் விசாரணைக்கு அழைத்தது. துணைக்கு நானும் போனேன். பெரிய அதிகாரி சிங்களத்தில் கடுமையாகக் கேட்டார்: “உங்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?”

அக்கா நிதானமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, நல்ல சிங்களத்தில் பதில் சொன்னார்: “என் தம்பி இருக்கிறான் சேர். பென்சன் எடுத்தவன். சரியான பயந்தவன்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து யன்னலடிக்குப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து, மேலிடத்து உத்தியோகத்தர்கள் வந்து பார்த்தபின் வேலி கழற்றப்பட்டது. முதல் நாள் வலை சுமந்து போனவர்களோடு அக்காவும் நடந்தார். கம்பிக்கால் நின்ற குழியில் இடறி விழுந்து, எழும்பி, மணலைத் தட்டிக்கொண்டு இன்னும் வேகமாக நடந்தார்.

பிறகு நுரையீரலில் வருத்தம் கண்டது. சிலாபம் வைத்தியசாலையில் கடைசி ஐந்து கிழமைகள் இருந்தார். மோட்டார் சைக்கிளில் ஏறமுடியாதவர், கொப்பியில் தாள் கிழித்து ‘வார்ட்டுச் செய்தி’ எழுதத் தொடங்கினார். அதுவும் இரு மொழியில்தான். தாதிமார் அதை வாங்கிக் கட்டில் கட்டிலாக வாசித்துக் காட்டுவார்கள். ஒரு காலை, எழுதிக்கொண்டிருந்த பேனையை ஜெசிந்தாவிடம் கொடுத்து, “கொஞ்சம் பிடி, மூச்செடுத்திட்டு வாறன்” என்றார். அன்று நண்பகல் இறைவனிடம் போய்ச் சேர்ந்தார்.

அக்காவைப் பரிவோடு பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், அச்சகத்தைப் பூட்டிவிட்டு வந்து செத்தவீட்டின் மூன்று நாளும் எங்கள் வீட்டில் நின்ற பாரூக் நானாவுக்கும், சவப்பெட்டியைச் சுமந்த கரைவலைத் தோழர்களுக்கும், செபித்த பங்கு மக்களுக்கும், பாடிய பாடகர் குழுவுக்கும் எங்கள் குடும்பத்தின் மனம் நிறைந்த நன்றி. பாட்டு இம்முறை சரியாகவே இருந்தது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின், சிலாபம் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு சிங்கள அம்மா வந்தார். கயிறு திரிப்பவர். வார்ட்டில் அக்காவுக்குப் பக்கத்துக் கட்டில். மடித்து வைத்திருந்த தாளொன்றை எடுத்து, தனக்குத் தெரிந்த தமிழில், “மாத்தயா, இதில என்ட பேர் இருக்கு. முந்தி ஒரு பேப்பரிலயும் வரல்ல” என்றார். அக்காவின் கையெழுத்தில் இருந்தது இதுதான்:

“பதினோராம் கட்டில் சோமாவதி அவர்கள் இன்று முழுக் கோப்பைக் கஞ்சியும் குடித்தார். உப்புப் போதாது என்றார். அவர் சொன்னது சரி.”

தாளை எனக்குத் தர அவர் சம்மதிக்கவில்லை. கையால் தொடாமல் படம் எடுத்துக்கொள்ள விட்டார். இந்த மலரின் பின்னட்டையில் அதைப் போட்டிருக்கிறோம்.