குடைக்குச் சிவப்புச் சீட்டு

மனத்தை வருத்தும் நினைவுகளை மறக்க மனிதகுலம் பல வழிகளை முயன்றிருக்கிறது. சிலர் மலை ஏறுகிறார்கள். சிலர் ஒயின்ஷாப் படி இறங்குகிறார்கள். அந்தக் காரியத்தைத் தொழிற்சாலை விதிப்படி, ஒரு படியும் விட்டுப்போகாமல் செய்து பார்த்த ஒரே மனிதன், எனக்குத் தெரிந்து, வடக்குப்பட்டில் வாடகை அறையில் இருக்கும் உச்சிமாகாளிதான். ஆகவே அவனைப் பற்றிச் சில தகவல்களைப் பதிவு செய்வது அவசியமாகிறது.

சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். முப்பதைத் தாண்டியவன். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை. லைனில் வரும் காரின் அடிப்பக்கத்தில் வேறொருவர் நட்டுகளை முறுக்குவார். முறுக்கியது சரிதானா என்று பார்த்து, மஞ்சள் பெயின்ட் பேனாவால் நட்டின் மேல் ஒரு பொட்டு வைப்பான் உச்சிமாகாளி. பொட்டு இருந்தால் கார் நகரும். இல்லாவிட்டால் லைன் நிற்கும், சூப்பர்வைசர் ஓடிவருவார். பார்க்கப்போனால் கலெக்டர் கையெழுத்துக்குச் சமமான அதிகாரம். அவன் அப்படிப் பார்த்ததில்லை.

தை மாதக் கடைசியில் அவன் அப்பா வனமாமலை மாரடைப்பில் போய்ச்சேர்ந்தார். காரியம் முடிந்து கிளம்பும்போது அக்கா அன்னக்கிளி, அப்பாவின் குடையைக் கையில் கொடுத்துவிட்டாள். கறுப்புத் துணி, வளைந்த மரக் கைப்பிடி, ஒரு கம்பி மட்டும் கொஞ்சம் கோணல். அதைக் கொண்டுவந்து அறைச் சுவரில் மாட்டிய நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சுவருக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட்டுப் பார்த்தான். முதுகுக்கும் கண் இருந்தது.

தூக்கிப் போடவும் கை வரவில்லை. அப்போதுதான் கம்பெனி முறை கைகொடுத்தது. அங்கே ஒரு பொருள் தேவையா இல்லையா என்று தெரியாவிட்டால், சிவப்புச் சீட்டு ஒன்றைக் கட்டி, தரையில் மஞ்சள் டேப் ஒட்டிய மூலையில் நிறுத்திவிடுவார்கள். ஒரு மாதம் வரை யாரும் தேடாவிட்டால் காயலான் கடைக்குப் போகும். யாருக்கும் பாவம் இல்லை. தூக்கிப் போடுவது விதிதான், மனிதன் அல்ல. உச்சிமாகாளி அறை மூலையில் டேப் ஒட்டினான், குடையை நிறுத்தினான், சீட்டைக் கட்டினான், ஒரு மாதத்தில் அப்பா மறந்துபோவார் என்று காத்திருந்தான்.

இந்த முறையில் ஒரேயொரு குறை. ஒளித்து வைக்க வேண்டிய பொருளுக்குச் சிவப்பு ஏற்ற நிறமில்லை. அதுவரை யார் கண்ணிலும் படாத குடையை இப்போது எல்லோரும் பார்த்தார்கள். மோட்டார் போட வந்த வீட்டுக்காரம்மா ராஜம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னாபா, கொடைக்குச் செவப்புச் சீட்டு கட்டிகினு கீற? கோர்ட்ல கேஸ் எதுனா கீதா?”

ஒன்றுமில்லை என்றான் அவன். ஒன்றுமில்லாத விஷயத்தை அறிந்துகொள்ளும் ஆவல் ராஜம்மாவை அந்த மாதம் முழுக்க வாட்டியது. மோட்டார் போடவும் நிறுத்தவும் அவர் இத்தனை தரம் வந்ததேயில்லை. தொட்டி நிரம்பித் தெருவில் தண்ணீர் வழிந்ததற்கு அந்தக் குடைதான் பொறுப்பு.

பங்குனியில் ஒரு ஞாயிறு காலை, காயலான் வண்டி வரும் நாள், கெடு முடிந்தது. ஆனால் கம்பெனி விதியில் இன்னொரு பிரிவும் உண்டு. சீட்டுக் கட்டியவனே தூக்கிப் போடக் கூடாது. கமிட்டி கூட வேண்டும். கமிட்டி என்றால் அறைத்தோழர்களான தூத்துக்குடி வேல்ராஜும் மதுரை அருள்பாண்டியும். வேறு வேறு கம்பெனிக்காரர்கள் ஆனாலும் இந்தச் சட்டதிட்டம் எல்லாக் கம்பெனிக்கும் பொது. அவசர ஆலோசகராக ராஜம்மாவும் வந்து நிலைப்படியில் உட்கார்ந்தார். மகள் நிலாவுக்கு வாங்கிய பழைய ஸ்கூட்டிக்குப் பூஜை போடப் படப்பைக் கோயிலுக்குக் கிளம்பியவர், சந்தனக் கிண்ணத்தோடு அதை ஒத்திவைத்திருந்தார்.

கோளாறுக்குக் காரணம் தேடும் வழியை அருள்பாண்டி கையிலெடுத்தான். ஏன் என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் அதற்கும் ஏன். வேர் தட்டுப்படும்வரை விடக் கூடாது. குடை ஏன் வேண்டாம்? பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது. ஏன் கஷ்டம்? அப்பாவின் முதுகு ஞாபகம் வருகிறது.

கமிட்டி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. செத்தவர் முகம் ஞாபகம் வருவதுதான் உலக வழக்கம்.

“முதுகு ஏண்டா?” என்றான் அருள்பாண்டி.

உச்சிமாகாளி மெல்லச் சொன்னான். பொங்கல் லீவில் ஊரில் மாசானம் அண்ணாச்சியின் டீக்கடை. அப்பா எல்லோரிடமும் என் மகன் இஞ்சினியர், அவன் இல்லாவிட்டால் கம்பெனியில் கார் ஓடாது என்று அளந்துகொண்டிருந்தார். இவனுக்கு மானம் போயிற்று. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்துவிட்டான்.

“‘சும்மா கெடங்கப்பா. நட்டுக்குப் பெயின்ட்ல பொட்டு வைக்கேன், அவ்வளவுதான் என் வேல. ஊரு பூரா பீத்திட்டு அலையாதிய’ன்னுட்டேன்.”

அப்பா எழுந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். அடுத்த வாரங்களில் போனிலும் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அப்புறம் பேச அவர் இல்லை.

ராஜம்மா கேட்டார்: “மய இல்ல, வெயிலு இல்ல. கொடைய இன்னாத்துக்கு விரிச்சாரு?”

அதுதான் ஒரு மாதமாக அவன் தொண்டையில் நின்ற கேள்வி. அழுத முகத்தை மறைக்கத்தான் என்று அவன் பதிலும் வைத்திருந்தான். ஆனால் வேல்ராஜ் விதியைச் சுட்டிக்காட்டினான். நினைத்துக்கொள்ளும் காரணம் செல்லாது. சம்பவம் நடந்த இடத்தில் சரிபார்க்க வேண்டும். இடம் நாங்குநேரிப் பக்கம். டிக்கெட் கிடைக்காது. வேல்ராஜ் நம்பரை வாங்கி மாசானத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, உச்சிமாகாளியின் மடியில் வைத்துவிட்டான்.

உச்சிமாகாளி நலம் விசாரித்தான், மழை விசாரித்தான், பால் விலை விசாரித்தான். வேல்ராஜ் தொடையில் கிள்ளிய பிறகுதான் குடையை விசாரித்தான்.

“அதுவா?” என்றார் மாசானம். “கடை மேல வேப்பமரத்துல ஒரு சனியன் புடிச்ச காக்கா உண்டும்லா தம்பி. முந்தின நாளு அவரு புதுச்சட்டைல போட்டுட்டு. அன்னையிலேருந்து கடைய விட்டு எறங்குனா குடைய விரிச்சுட்டுத்தான் எறங்குவாரு.”

ஒரு மாதத் துக்கத்தில் காக்கைக்குப் பங்கு இருக்கும் என்று கமிட்டி எதிர்பார்க்கவில்லை.

“அப்ப அப்பாவுக்கு வருத்தம் இல்லியா அண்ணாச்சி?”

“இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். டீயப் பாதில வச்சுட்டுத்தான் போனாரு. ஆனா மறுநா வெள்ளன வந்து, ‘ஏ மாசானம், எம் மவன் பொட்டு வைக்கலன்னா ஒரு காரு கம்பெனி கேட்டத் தாண்டாது, தெரியும்லா’ன்னாரு. இஞ்சினியரு அதோட போச்சு. கடைசி வரைக்கும் பொட்டுதான். நம்ம டாக்டர் காரு வந்து நின்னா அடில குனிஞ்சு, ‘இந்தா இருக்கு பாரு’ன்னு காட்டுவாரு. அது காஞ்ச சேறு தம்பி. நான் சொல்லிக்கிடல.”

உச்சிமாகாளி சிரித்தான் என்று வேல்ராஜ் சொல்கிறான். அழுதான் என்று அருள்பாண்டி. கமிட்டியில் இந்த விஷயத்தில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

ராஜம்மா எழுந்து சந்தனக் கிண்ணத்தை அவனிடம் நீட்டினார்.

“கார் கம்பெனியே உன் பொட்டுக்கு நின்னுகினு கீதாம். ஐயரு எதுக்கு, என் வண்டிக்கு நீயே வெச்சுடுபா.”

மறுத்துப் பார்த்தான், எடுபடவில்லை. வெளியே போய், பழக்க தோஷத்தில் முதலில் ஸ்கூட்டியின் சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாக இருந்தன. சந்தனத்தைத் தொட்டு முதல் பொட்டு வைத்தபோது தூறல் விழுந்தது. பங்குனியில் மழை ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சந்தனம் கரைந்து வழியத் தொடங்கியது.

உச்சிமாகாளி உள்ளே ஓடினான். குடையோடு வந்து, கோணல் கம்பியை முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, விரித்து, ஸ்கூட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டே மற்ற பொட்டுகளையும் வைத்து முடித்தான். தெருமுனையில் காயலான் வண்டிக்காரர் குரல் கேட்டது. அறை வாசலில் அவர் ஒரு நிமிடம் நின்று, கைப்பிடியில் ஆடிக்கொண்டிருந்த சிவப்புச் சீட்டைப் பார்த்துவிட்டு, இது போடுகிற குடையா, வைத்துக்கொள்கிற குடையா என்று கேட்டார்.

சீட்டை அவிழ்க்க உச்சிமாகாளி மறந்துபோயிருந்தான். ஒரு மாதம் விதிப்படி பாடுபட்டதில் அவன் மறந்தது அந்த ஒன்றைத்தான்.