வாசிப்பவர் இல்லாமல் வாங்கிய பொக்ஸ்

அன்று கடையில் இருந்தது மூன்று பேர்: கீபோர்டு வாசிக்கும் நான், டிரம்ஸ் வாசிக்கும் சிநேகிதன், எங்கள் இசைக்குழுவின் பாடகர். அத்தான் வரவில்லை. வாங்கப் போனதோ அவருடைய பேஸ் கிட்டாருக்கு ஒரு ஸ்பீக்கர் பொக்ஸ்.

வரவில்லை என்று எழுதுவதுகூட நேர்மையில்லை. வரவேண்டாம் என்றவன் நான். அக்காவைக் கட்டிய அத்தான், யட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் புளித்த பாலின் வாடை அவர் கைகளை விட்டுப் போகாது. எங்கள் குடும்பத்தில் கெம்பஸ் வரை படித்த முதல் ஆள் நான். கேகாலையில் கண்ணாடிக் கதவு போட்ட அந்தக் கடைக்குள் அந்த வாடையோடு அவரைக் கூட்டிக்கொண்டு நுழைய எனக்குக் கூச்சமாக இருந்தது. அதையா அவரிடம் சொல்ல முடியும்? "ஒரு நாள் பேரை எதுக்கு அத்தான் விடுறீங்க? சம்பளம் போயிருமே. நான் நெட்டுல எல்லாம் படிச்சு வச்சிருக்கேன்" என்றேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்போம்.

"சரி மச்சான், படிச்சவன் பாத்தா சரியாத்தான் இருக்கும். ஒண்ணு மட்டும் பாத்துக்க, வெரல் பேசுறது கேக்கணும்" என்றார்.

கடையில் இருந்ததிலேயே பெரியதான பதினெட்டு இஞ்ச் பொக்ஸைக் காட்டி, அதன் வாட் கணக்கை ஆங்கிலத்தில் வாசித்தேன். கடைக்காரர் வயதான சிங்களவர். அது முழக்கத்துக்காகச் செய்தது, கிட்டாரின் சுரம் அதில் பிரிந்து கேட்காது என்றார். சுவரிலிருந்து ஒரு கிட்டாரை இறக்கி, உங்களில் பேஸ் வாசிப்பவர் யார், வாசித்துக் கேட்கட்டும் என்று சிங்களத்தில் கேட்டார். அத்தான் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். என்ன வேலை என்று கேட்டுவிடுவாரோ? "மம தமய்" என்றேன். நான்தான் என்று. கேட்டுப் பார்க்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். சிநேகிதன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பாடகர் தம் போனைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெரிய பொக்ஸையே வாங்கிவந்தோம்.

அந்தச் சனிக்கிழமை தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மாலைக் கச்சேரி. அத்தானோடு பால் வெட்டுகிறவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தனியாக வாசிப்பதற்கென்றே ஓர் இடம் வைத்திருந்தோம். அதற்காகப் பல வாரம் பழகியிருந்தார். கண்ணை மூடி விரல்களை ஓடவிட்டார். மேடைப் பலகை நடுங்கியது. வெளியே வந்ததோ ஒரே உறுமல்.

"யாருப்பா அது, லொறிய ஆஃப் பண்ணச் சொல்லுங்க!"

"நம்ம பால் லொறிதான், எடை போட்டு அனுப்பிருங்க!"

சனம் சிரித்தது. அத்தானும் சிரித்தார். பாதியிலேயே நிறுத்தி, அடுத்த பாட்டுக்குப் போகச் சொல்லித் தலையசைத்தார்.

திங்கட்கிழமை பேரை விட்டுவிட்டு, வாடகை வேனில் பொக்ஸை ஏற்றிக்கொண்டு தனியாகக் கடைக்குப் போனார். வேறொன்றை மாற்றிக்கொண்டு வந்து இறக்கியவர் என்னைப் பார்த்தார்.

"மச்சான், பேஸ் வாசிக்கிறவரே வந்துதான் எடுத்தாராம். கண்ணாடி போட்ட பையனாம், இங்கிலீஷெல்லாம் வாசிச்சானாம். நீ எப்படா பழகுன? சொல்லவே இல்லியே."

அக்கா தேத்தண்ணியோடு வந்தாள். அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். ஏசியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று அன்றைக்கு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வருடமாகிறது. இன்னும் கேட்கவில்லை.

அவர் அரை மணி நேரம் வாசித்துக் கேட்டுத் தேர்ந்தெடுத்த அந்தப் பதினைந்து இஞ்ச் பொக்ஸைத்தான் இப்போதும் மேடையேற்றுகிறோம். கீபோர்டில் நிற்கும் எனக்கு ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறது. கேட்கும்போது அவர் பக்கம் திரும்ப என்னால் முடிவதில்லை.

அந்தத் திங்கட்கிழமை பழையதைக் கடைக்காரர் விலை குறைத்துத்தான் எடுத்தார். நட்டம் நாற்பத்திரண்டாயிரம். நான்கு பங்காகப் பிரிப்போம் என்றார் பாடகர். அது முழுக்க என்னுடையது என்று நான் வாய் திறக்கவில்லை. அத்தான் தம் பங்கை, குழுவின் பணத்தை வைத்திருந்த என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன், பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்.