ரேடியோ மச்சானின் பாஸ்போர்ட் படம்

பாஸ்போர்ட் படம் எடுப்பதில் அந்தப் போட்டோக்காரரை மிஞ்ச ஆளில்லை என்று கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக எடுக்கிறார். அவர் எடுத்த படம் ஒன்றுகூட பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது கிடையாது. வீறிட்டு அழும் கைக்குழந்தையை வாய் மூட வைப்பார், தலை நிற்காத கிழவரை நிமிர வைப்பார், ஒரே சொடுக்கில் காரியத்தை முடித்து உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார். எத்தனை ஆயிரம் பேரைக் கடல் தாண்டி அனுப்பியிருப்பார்! அவர் மட்டும் எங்கும் போனதில்லை. அப்பேர்ப்பட்டவர் ஒரு படத்தைத் தன் கையாலேயே கெடுத்தார். கைதவறி அல்ல, தெரிந்தேதான். அதுவும் யாருடைய படத்தை? சொந்த மச்சானுடைய படத்தை.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தண்ணீர் விநியோக அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசை அவருடையது. கல்யாணம் என்ற பேச்சை எடுத்தாலே நழுவிவிடுவார். பதினோரு வருடமாகத் தங்கை வீட்டு முன்னறையில்தான் வாசம். காலையில் பல் துலக்கும்போது பேச ஆரம்பித்தால் படுக்கப் போகும்வரை வாய் ஓயாது. அதனால் தெருவே அவருக்கு ரேடியோ என்று பேர் வைத்துவிட்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. "டிவின்னு வைக்காம விட்டாங்களே! என் மூஞ்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்" என்பார்.

கப்பலில் போகலாம் என்ற யோசனையே அவருடையதுதான். மனிதருக்குக் கப்பல் என்றால் உயிர். லீவு நாளில் துறைமுகச் சுவரோரம் நின்றுகொண்டு எந்தக் கப்பல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பக்கத்தில் நிற்பவருக்கெல்லாம் சொல்வார். கேட்டார்களா இல்லையா என்பதைப் பற்றிக் கவலை கிடையாது. ஆனால் ஒன்றிலும் ஏறியதில்லை. அக்கரை நாட்டுக்குப் பயணிகள் கப்பல் விடப்போகிறார்கள் என்று தெரிந்த அன்றே கால அட்டவணையோடு வீட்டுக்குள் நுழைந்தார். போகும்போது ஓர் இரவு, அங்கே இரண்டு நாள், திரும்பும்போது ஓர் இரவு. பிள்ளைகளின் பரீட்சை முடிந்த மறுவாரம். ஐந்து பேர்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை சாப்பாட்டு மேசையாக இல்லை. கப்பலின் மேல்தளம் கீழ்த்தளமெல்லாம் பென்சிலால் வரைந்த பெரிய தாள் ஒன்று அதில் விரிந்து கிடந்தது. மச்சான் நடுவில் உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டு வயது மகளும் ஒன்பது வயது மகனும் ஆளுக்கொரு பக்கம் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். காலையில் வெயில் எந்தப் பக்கம் விழும், வாந்தி வந்தால் என்ன செய்வது, கப்பல் ஏன் மூழ்குவதில்லை என்று கேள்வியாகக் கேட்டுத் தள்ளுவார்கள். மச்சானிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கடையை மூடிவிட்டு வரும் போட்டோக்காரர் மேசை ஓரத்தில் தட்டை வைத்துக்கொள்ள இடம் தேடிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அவரும் சும்மா இருக்க மாட்டாமல், "மேல்தளத்துல நின்னா காத்து நல்லா வரும்" என்றார்.

"கொஞ்சம் இருங்கப்பா, மாமா சொல்லட்டும்" என்றான் மகன்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் மச்சான் அறை ஒதுக்கினார். "மொத்தம் ரெண்டு அறை. ஒவ்வொண்ணுலயும் நாலு படுக்கை. புருஷன் பொண்டாட்டி ஒரு அறை. நானும் பசங்களும் ஒரு அறை" என்றார். அவர் நினைத்தது நல்லதுதான். தங்கையும் மாப்பிள்ளையும் ஒரு நாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தார். பிள்ளைகள் இரண்டும் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தார்கள்.

"அப்பாவோட இருக்கணும்னு ஒருத்தருக்குமே தோணலையா?" என்று போட்டோக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க எட்டு மணிக்கே குறட்டை விடுவீங்கப்பா!" என்றாள் மகள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். உள்ளே வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளை சொன்னதற்கு மச்சான் மேல் வயிறெரிவது என்ன நியாயம் என்று கேட்டால், நியாயம் ஒன்றும் இல்லைதான். எரிந்ததே, என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் படமெடுக்கக் கடைக்கு வந்தார்கள். முகத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு விளக்கு. பின்னால் தொங்கும் வெள்ளைத் திரையில் நிழல் விழாமல் இருக்க மூன்றாவதாக ஒன்று. மனைவி, மகள், மகன், பிறகு கேமராவின் தானியங்கியில் தன்னையும் என்று நான்கு பேரையும் எடுத்து முடித்தார். கடைசியில் மச்சான் முக்காலியில் உட்கார்ந்தார். உயிர்காக்கும் மிதவைச் சட்டையை எப்படிக் கட்டுவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். பிள்ளைகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போட்டோக்காரர் மூன்றாவது விளக்கை அணைத்தார். அணைத்துவிட்டு, "பேசாம இருங்க மச்சான்" என்று சொல்லி எடுத்தார்.

கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது இடது காதுக்குப் பின்னால் நிழல் பளிச்சென்று தெரிந்தது. வேறு யாராவது எடுத்த படமென்றால் வாயில் வந்தபடி திட்டியிருப்பார். பேசாமல் அச்செடுத்து உறையில் போட்டார். விண்ணப்பம் திரும்பி வரும், அதற்குள் கப்பல் போய்விடும், யார் மேலும் பழியில்லை என்று கணக்குப் போட்டிருந்தார். "என்ன செய்றது மச்சான், அலுவலகம்னா அப்படித்தான்" என்று சொல்லவேண்டிய ஆறுதலைக்கூட மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டார். பாவி மனுஷன்!

நினைத்தபடியே நடந்தது. நான்கு பேருக்குப் பாஸ்போர்ட் வந்தது. ஐந்தாவது விண்ணப்பம், படத்தில் நிழல் என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மச்சான் அரைநாள் லீவு போட்டுப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேற படம் குடுத்தா கப்பலுக்கு முன்னாடி கைக்கு வந்துடுமாம்" என்றார். "அங்க மேசையில இருந்த அம்மா, எந்தக் கடையில எடுத்தீங்க, இவ்வளவு மோசமா இருக்கேன்னு கேட்டாங்க மாப்பிள்ளை. நான் உங்க பேரை விட்டுக்குடுப்பேனா? பஸ் நிலையத்துல ஒரு மெஷின்ல எடுத்தேன்னு சொல்லிட்டேன். தப்பு என்மேலதான். மூக்கு இவ்வளவு பெருசா இருந்தா நிழல் விழாம என்ன செய்யும்?"

போட்டோக்காரருக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது; வந்தது வேறு. "இந்த வாரம் பூரா பள்ளிக்கூடத்து வேலை இருக்கு. பார்க்கலாம்" என்றார்.

"ஏங்க, ஒரு நிமிஷ வேலைதானே?" என்றாள் மனைவி. பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "இவரை நம்பாதீங்கண்ணா, வேற கடையில எடுத்துடுங்க" என்றாள்.

"நல்லா சொன்னே போ! வீட்டுல மாப்பிள்ளையை வச்சுக்கிட்டு அடுத்த கடையில போய் உக்காந்தா ஊர் சிரிக்காதா? அவருக்கு ஒழியும்போது எடுக்கட்டும்."

திங்கள் போனது. செவ்வாய், புதன் போனது. மச்சான் ஒருமுறைகூட ஞாபகப்படுத்தவில்லை. அதுதான் கொன்றது. ஒரு வார்த்தை கோபமாகக் கேட்டிருந்தால், பதிலுக்கு இவரும் எகிறி, ஏதோ ஒரு வகையில் மனசு லேசாகியிருக்கும். கடையில் யாரைப் பார்த்தாலும் காதுக்குப் பின்னால்தான் கண் போனது.

வியாழன் சாயங்காலம் மச்சான் ஒரு கோப்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். எத்தனை மணிக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும், எந்த வரிசை, எந்தப் படிக்கட்டு, மகளுக்கு வாந்தி மாத்திரை எப்போது என்று எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்.

"ஒருவேளை நான் வர முடியலேன்னா, பசங்க உங்களைத்தான் கேப்பாங்க. நீங்க முழிக்கக் கூடாதில்ல? படிச்சு வச்சுக்குங்க மாப்பிள்ளை" என்றார்.

போட்டோக்காரர் கோப்பை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். அழுகையா என்றால் அழுகைதான்.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கடையைப் பாதிக் கதவு சாத்திவிட்டுத் தண்ணீர் அலுவலகத்துக்கு நடந்தார். உள்ளே நல்ல கூட்டம். வீட்டு மனிதர் என்று முன்னால் போக மனம் வரவில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு குழாய் உடைந்தவர்களுக்கும் தண்ணீர் வராதவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்தார். அவர் எண் வந்தது.

"சொல்லுங்க, என்ன புகார்?" என்றார் மச்சான், பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"மச்சான்..."

"அட, மாப்பிள்ளையா! வீட்டுல தண்ணி வரலையா?"

"அந்த நிழல் உங்க மூக்கால விழுந்ததில்ல. நான் விளக்கை அணைச்சேன்."

"பல்ப் போயிடுச்சா?"

"போகல. வேணும்னுதான் அணைச்சேன். நீங்க வரக்கூடாதுன்னு."

மச்சானின் பேனா நின்றது. பின்னால் யாரோ, "சீக்கிரம் முடிங்க சார்" என்றார்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டார் மச்சான்.

"பசங்க எல்லாத்துக்கும் உங்ககிட்டதான் வர்றாங்க. கப்பல்லயும் உங்களோடதான் இருக்கணுமாம். ஒரு நாலு நாளாவது அவங்க என்கிட்ட வரட்டும்னு தோணிச்சு. கேவலம்தான். தெரியும். மன்னிச்சுக்குங்கன்னு கேக்கக்கூட எனக்குத் தகுதியில்ல."

மச்சான் பேனாவை மூடினார். பக்கத்து மேசைக்காரரிடம் பதிவேட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே நடந்தார். போட்டோக்காரர் பின்னாலேயே ஓடினார். கடைத்தெரு முழுக்க மச்சான் வாய் திறக்கவில்லை. செருப்புக் கடைக்காரர் ஒருத்தர், "என்ன ரேடியோ, கரண்ட் இல்லையா?" என்று கிண்டலாகக் கூப்பிட்டார். மச்சான் நடையை நிறுத்தவில்லை. நேரே போட்டோக் கடைக்குள் நுழைந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"இதை என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார் கடைசியில். "நானே வரலேன்னு சொல்லியிருப்பேன். கிளம்புற அன்னிக்கு வயித்துவலின்னு படுத்திருப்பேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. பசங்க அப்பாவோட சந்தோஷமா இருக்கட்டும்னு நினைக்க மாட்டேனா நான்? என்னை அப்படியா நினைச்சீங்க?"

போட்டோக்காரர் திறந்திருந்த மற்றப் பாதிக் கதவையும் சாத்தினார்.

"ஆனா இப்ப வருவேன். கண்டிப்பா வருவேன். படத்தை எடு."

பதினோரு வருடத்தில் அவர் மாப்பிள்ளையை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"பசங்க உங்க ரெண்டு பேரோட இருக்கட்டும். நான் இன்னொரு அறையில தனியா இருந்துக்கறேன். கேட்டா எனக்குத் தூக்கம் வேணும்னு சொல்லிக்கறேன்."

"வேணாம் மச்சான், அவங்க உங்களோடவே..."

"நீ கேட்டதுதானே? வாங்கிக்க. ஆனா இந்த விளக்கு விஷயம் மட்டும் அவங்க காதுக்குப் போகக் கூடாது. என் தங்கச்சிக்கும்தான். அப்பா இப்படிச் செஞ்சார்னு தெரிஞ்சா, அதுக்கப்புறம் அவங்க உன்கிட்ட எதுக்குமே வர மாட்டாங்க."

போட்டோக்காரர் ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டார். மூன்றும் எரிகின்றனவா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். கேமராவுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். கேமராவின் கண்ணாடிக்குள் மச்சானின் முகம் வந்தது. திரை வெள்ளைவெளேரென்று இருந்தது. கண் இரண்டும் சிவந்து தளும்பிக்கொண்டிருந்தன.

"கண்ணு சிவந்திருக்கு மச்சான். கொஞ்சம் தண்ணி குடிங்க. பத்து நிமிஷம் கழிச்சு எடுக்கலாம்."

"பாஸ்போர்ட் எத்தனை வருஷத்துக்கு?"

"பத்து வருஷம்."

"அப்ப பத்து வருஷமும் இப்படியே இருக்கட்டும், எடு" என்றார் மச்சான்.

போட்டோக்காரர் எடுத்தார். இன்னொன்று எடுக்கட்டுமா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.