அம்பாசிடருக்குக் காது உண்டு

எட்டயபுரம் சாலையில் எங்கள் பழைய கார் ஆவி கக்கி நின்றது. சூடேறிய ரேடியேட்டர் வாடையோடு அப்பாவின் அம்பாசிடர் நினைவில் வந்து நின்றது.

அந்தக் காருக்குள் இருந்துகொண்டு அதை விற்கும் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. அப்பாவின் சட்டம் அது. மாமா கல்யாணத்துக்கு விளாத்திகுளம் போகையில் அம்மா பொறுக்கமாட்டாமல், "இத இன்னும் எதுக்குக் கட்டி அழுவுதீங்க? வித்துத் தொலைங்க" என்றாள். கொஞ்ச தூரத்திலேயே, பருத்திக்காட்டுப் பக்கம், கார் புகைந்து நின்றது.

"அதுக்குக் காதுல விழுந்திருச்சு பாரு" என்றார் அப்பா.

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா பட்டுச்சேலையோடு கரிசலில் இறங்கி, கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள். சூடு தணிந்து அப்பா தண்ணீர் ஊற்றியதும், நான் பார்ப்பது தெரியாமல் பானெட்டைத் தடவினாள். "கோவிச்சுக்கிடாத தாயி, சும்மா சொன்னேன்."

தாலி கட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

பின்னாளில் விற்றபோதுகூட, அப்பா புரோக்கரைத் தெருமுனைக்குக் கூட்டிப்போய்த்தான் விலை பேசினார். கார் போன அன்று அம்மா வாசலுக்கே வரவில்லை.

"இதக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துருவமா?" நின்றுபோன எங்கள் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டார் என் கணவர்.

"கீழ இறங்கிப் பேசுங்க" என்றேன்.

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார்.