நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துச் சீட்டு

மொரெனிகே அடிகுன், பிறப்பு 1961, இபாதான் நகரம், ஒகே-அடோ. 1986 முதல் 2011 வரை ஞாயிறு இதழ் ஒன்றில் வாரந்தோறும் இசை விமர்சனம் எழுதியவர். அவற்றுள் தேர்ந்த கட்டுரைகளை 1999இல் தம் செலவிலேயே நூலாக வெளியிட்டார். 2011க்குப் பின் புத்தக வெளியீட்டு விழாக்களில் மதிப்புரை வாசிப்பவராக அறியப்பட்டவர். 2017 செப்டம்பர் முடிய அவர் வாசித்த மதிப்புரைகள் அறுபத்து மூன்று.

எங்கள் ஊரில் மதிப்புரை என்பது மேடையில் வாசிக்கப்படுவது. விழாத் தலைவர் அமர்ந்திருப்பார், நூலாசிரியரின் உறவினர் ஒரே துணியில் தைத்து உடுத்தி வந்திருப்பார்கள், புத்தகம் பட்டுத் துணியால் மூடப்பட்டிருக்கும். மதிப்புரையாளர் நூலைப் பாராட்டி முடித்த பிறகே துணியை அகற்றுவார்கள். குறை சொல்ல வேண்டுமானால் அச்சுப் பிழை ஒன்றிரண்டைச் சொல்லலாம். அதற்கு மேல் சொல்வது விருந்துக்குப் போன வீட்டில் சோற்றைக் கிளறிப் பார்ப்பது போல.

மொரெனிகே ஒரு நூலை மூன்று முறை படிப்பார். முதல் முறை கையில் எதுவும் இருக்காது. இரண்டாம் முறை பென்சில் இருக்கும். மூன்றாம் முறை, நூலில் பேசப்படும் இசைத்தட்டுகளை ஓடவிட்டபடி படிப்பார்.

அந்த அக்டோபரில் அவரிடம் வந்தது, அபாலா எனும் நாட்டார் இசையைப் பாடிவந்த காலஞ்சென்ற முகைலா அரெமுவின் வாழ்க்கை வரலாறு. எழுதியவர் டெமிடாயோ ஒயெலாரன், பள்ளியில் வரலாற்று ஆசிரியர். ஒன்பது ஆண்டு உழைத்து எழுதிய முதல் நூல். விழா அக்டோபர் 14, சனிக்கிழமை.

மூன்றாம் வாசிப்பில், 112ஆம் பக்கத்தில், மொரெனிகேயின் சொந்த வரிகளே மேற்கோளாக வந்தன: “பாடிக்கொண்டே அகிதிக்போவையும் தாமே வாசிக்கும் அரெமுவின் விரல்களுக்கு இணையில்லை.” 1987 மார்ச் 15இல் எழுதியது, 1999 தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. இரண்டு பக்கம் தள்ளி, அதே ஆண்டு ஒயோவில் நடந்த திருமணம் ஒன்றின் புகைப்படம். அரெமு நின்று பாடுகிறார். விருந்தினர் ஒருவர் அவர் நெற்றியில் பணத்தாளை ஒட்டுகிறார். அகிதிக்போ எனும் அந்தப் பெட்டி வாத்தியம், பின்னால் உட்கார்ந்திருக்கும் வேறொருவர் மடியில் இருக்கிறது.

மொரெனிகே அரெமுவின் பழைய இசைத்தட்டு உறையைத் தேடி எடுத்தார். முன்பக்கப் படத்தில் வாத்தியம் அரெமுவின் மடியில்தான் இருந்தது. 1987இல் மொரெனிகே அந்தக் குழுவை நேரில் கண்டதே இல்லை. உறையைப் பார்த்தே எழுதியிருந்தார். பின்பக்கத்தில் சிற்றெழுத்தில் ஒன்பது பெயர்கள். ஒன்றின் அருகில் மட்டும் ஊர்ப்பகுதி இருந்தது: ரஃபியு அகன்னி, ஒஜே.

மறுநாள் காலை ஒஜே சந்தையில், படத்தோடும் உறையோடும் விசாரித்த இரண்டாவது தையற்கடையிலேயே ஆள் கிடைத்தார்.

“பாபா, இந்தப் படத்துல உக்காந்திருக்கறது யாருன்னு தெரியுமா?”

கிழவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “இவனா? நல்ல அழகன். இப்போ தையல் மெஷின் மிதிச்சுக்கிட்டிருக்கான்.”

“ஆனா இசைத்தட்டு உறையில வாத்தியம் அரெமு மடியிலதானே இருக்கு?”

“போட்டோக்காரர் பண்ண வேலைம்மா. தலைவர் சும்மா கைய கட்டிக்கிட்டு உக்காந்தா பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி இருக்குன்னாரு. என் மடியிலேர்ந்து எடுத்து அவர் மடியில வச்சாங்க. விரலை எங்கே வைக்கணும்னு என்கிட்டதான் கேட்டாரு. சொல்லியும் தப்பாத்தான் வச்சாரு, பாருங்க.”

மொரெனிகே பார்த்தார். அரெமுவின் கட்டைவிரல்கள் இரும்பு நாக்குகளின் மேல் இல்லை. பலகையின் ஓரத்தைப் பிடித்திருந்தன. முப்பது ஆண்டுகளாகத் தம் வீட்டு அலமாரியிலேயே இருந்த படம்.

“அரெமுவேதான் வாசிக்கறார்னு பேப்பர்ல எழுதினவ நான்தான், பாபா.”

“தெரியும். பேப்பர்ல உங்க மூஞ்சி போடுவாங்களே.”

“அப்பவே ஒரு கடிதாசி போட்டிருக்கக் கூடாதா?”

“அதைத் தலைவர் சட்டம் போட்டு கூடத்துல மாட்டிட்டாரு. அவர் வீட்டு அமலாக் களியைத் தின்னுட்டு எப்படி எழுதறது? அப்புறம் அது புத்தகமாவே வந்துடுச்சு. ‘மாமா, புத்தகத்துலயே வேற பேர் போட்டிருக்கு, சும்மா அளக்காதீங்க’ங்கறா என் மருமக. பேரப்பிள்ளைங்களும் அவ பக்கம்தான்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மொரெனிகேயால் சிரிக்க முடியவில்லை.

பத்திரிகைத் தவறு அடுத்த வாரம் வறுகடலை மடிக்கப் போய்விடும். நூலில் ஏறிய தவறை நாமே தூசி தட்டிப் பாதுகாக்கிறோம் என்று அன்றைய குறிப்பேட்டில் அவர் எழுதியிருக்கிறார். அடியில் ரஃபியுவின் முழுப் பெயரை இரண்டு முறை எழுதிப் பார்த்திருக்கிறார்.

வியாழக்கிழமை விஷயத்தைக் கேட்டு டெமிடாயோ பதறினார். “ஆன்ட்டி, நாளன்னைக்கு விழா! அரெமு குடும்பமே வருது. நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு உக்காருங்க. அடுத்த பதிப்புல திருத்திக்கறேன்.”

“என் புத்தகத்துக்கு அடுத்த பதிப்பு வரும்னு நானும் பதினெட்டு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன், டெமி.”

“மேடையில போட்டு உடைச்சா ஒன்பது வருஷ உழைப்பைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. இதை மட்டும்தான் பேசுவாங்க.”

“உன்னை எங்கே உடைக்கப் போறேன்? தப்பு என்னுது. நீ என்னை நம்பினே, அவ்வளவுதான். அந்தப் படத்தைத் தேடிப் போட்டதும் நீதானே? நீ அதைப் போடலேன்னா நான் செத்தாலும் இது தெரிஞ்சிருக்காது.”

டெமிடாயோ 112ஆம் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார். பிறகு, “திருத்தச் சீட்டு அடிச்சு ஒட்டறதுன்னா எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் இருவரும் பசைக் கிண்ணத்துக்கு எதிரெதிரே உட்கார்ந்து ஒட்டினார்கள். சீட்டில் இரண்டே வரிகள்: “அரெமுவின் இசைத்தட்டில் அகிதிக்போ வாசித்தவர் ரஃபியு அகன்னி. மேலே உள்ள கூற்று மொரெனிகே அடிகுனின் பிழை.”

சனிக்கிழமை மொரெனிகே நூலை மனமாரப் பாராட்டினார். தகவல்களுக்காக ஆசிரியர் அலைந்த அலைச்சலை விவரித்தார். பிறகு, “இதில் ஒரு தவறு இருக்கிறது, அது என்னுடையது” என்று தொடங்கி நடந்ததைச் சொன்னார். அரெமுவின் மூத்த மகன்தான் முதலில் எழுந்தார். “எங்கப்பாவுக்கு அகிதிக்போவா? அவர் கதவைத் தட்டினாலே தாளம் தப்பும்!”

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஆன்ட்டி, அப்போ மத்த கட்டுரையெல்லாம்?”

“வாங்கிப் படிச்சுப் பாருப்பா. தப்பு கண்டுபிடிச்சா உனக்கும் மேடையில நாற்காலி.”

பட்டுத் துணியை அகற்ற ரஃபியுவை அழைத்தார்கள். அவர் முதல் பிரதியை எடுத்து, 112ஆம் பக்கத்தைப் பிரித்து, கண்ணருகே கொண்டுபோய், பிறகு கீழே இறங்கி மருமகளிடம் நீட்டினார்.

“கண்ணாடியை மறந்துட்டேம்மா. நீயே சத்தமாப் படி.”

அவள் படித்தாள். கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருந்தது.

இப்போது மொரெனிகேயின் கைப்பையில் எப்போதும் ஒரு பசைக் குப்பி இருக்கிறது. நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ தம் 1999 தொகுப்பைக் கண்டால் அனுமதி கேட்டு, உரிய பக்கத்தில் சீட்டு ஒட்டிவிட்டு, தேநீர் குடித்துத் திரும்புகிறார். அதற்கென ஒரு குறிப்பேடும் வைத்திருக்கிறார்.

அரெமு வரலாறு: அச்சிட்டவை 300, சீட்டு ஒட்டியவை 300. 1999 தொகுப்பு: அச்சிட்டவை 500, இதுவரை ஒட்டியவை 41.