கோடரிக்கு ஏறிய மந்திரம் துப்பாக்கிக்கும் சேருமா?

போன சனிக்கிழமை, மெல்பேர்ன் பக்கம் 'த பேசின்' என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயில் கார் பார்க்கில் ஒரு சட்டச் சிக்கல்.

நண்பன் நிமலன் சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்கே திரும்பி வந்துவிட்டான். நிரந்தர விசா கிடைத்துவிட்டது. புல்லு வெட்டும் தொழில் தொடங்க பின்பக்கம் திறந்த யூட் வண்டி ஒன்று வாங்கி, பின்னால் ட்ரெய்லரும் பூட்டிப் பூசைக்குக் கொண்டுவந்திருந்தான். சில்லுக்கு அடியில் வைத்து நசிக்க நாலு தேசிக்காய். சில்லுகளோ ஆறு!

யூட்டுக்குச் செய்கிற பூசை ட்ரெய்லருக்கும் சேருமா... இல்லை, அதற்குத் தனியாகச் செய்ய வேண்டுமா?

நிமலன் என்னைப் பார்த்தான். "நீங்கள்தானே அக்கா எங்கட நடுவர். சொல்லுங்கோ."

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குத்தான் சுருக்கென்றது.

உங்களிடம் இதுவரை சொல்லாத ரகசியம் ஒன்று. மெல்பேர்ன் கிளேட்டனில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் ஒரு சூனியக்காரி. சில நாள் டிராகன். எப்போதும் நடுவர். மேசையைச் சுற்றி நாலு பேர், இருபது பக்கப் பகடை, தடித்த விதிப் புத்தகம். ஆளுக்கொரு வீரனை உருவாக்கி, கதையை வாயாலேயே சொல்லி விளையாடுகிற விளையாட்டு அது. வெட்டு விழுந்ததா, வெடி பட்டதா என்று பகடை சொல்லும். அதிலும் இழுபறி வந்தால் நான் சொல்வேன்.

அந்த வாடகை வீட்டுக் குசினி! ஒரு கால் கோணலான மேசை, எண்ணெய் ஊறிய பேப்பரில் ரோல்ஸ், ஆளுக்கொரு கோப்பை பிளேன்ரீ. பகடை உருண்டு ரோல்ஸ் தட்டுக்குள் விழுந்தால் செல்லாது என்றுகூட விதி வைத்திருந்தோம். இப்போதும் மட்டன் ரோல்ஸ் மணந்தால் எனக்கு டிராகன் ஞாபகம்தான் வருகிறது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்!

நிமலன் படகில் வந்தவன். தற்காலிக விசா, கோழித் தொழிற்சாலையில் வேலை, முடிவே வராத அப்பீல். விளையாட்டில் அவனுடைய வீரன் பெயர் மாறன். மாறனின் ஆயுதம், கோடரியும் துப்பாக்கியும் ஒன்றாய்ச் சேர்ந்தது — கிட்ட வந்தால் வெட்டு, எட்ட நின்றால் வெடி. இரண்டு வருடம் விளையாடி, வலிமை கூட்டும் மந்திர எழுத்து ஒன்றை வென்றெடுத்து, கோடரி அலகில் பொறித்தான்.

கடைசிச் சண்டை. ராட்சதன் தூரத்தில். மாறன் சுட்டான். பகடையில் விழுந்த எண், வேண்டியதைவிட ஒன்று குறைவு. மந்திரத்தையும் சேர்த்துக்கொண்டால் வெடி படும்.

"மந்திரம் கோடரிக்குத்தான். துப்பாக்கிக்குச் சேராது" என்றேன் நான். வெடி தவறியது. அடுத்த சுற்றில் மாறன் செத்தான்.

"பரவாயில்லை அக்கா." நிமலன் தாளை மடித்து வைத்தான். அடுத்த ஞாயிறு வரவில்லை. பிறகு, சிட்னியில் வேலை என்று போயே போய்விட்டான்.

மூன்று கிழமை கழித்துத்தான் புத்தகத்தைப் புரட்டினேன். அப்படிப்பட்ட இரட்டை ஆயுதத்தில் வலிமை மந்திரம் இரண்டுக்கும் சேரும் — தெளிவாகப் போட்டிருந்தது! வெட்டுக்கு மட்டுமே பொருந்துகிற மந்திரம் என்றால்தான் வெட்டோடு நிற்குமாம். நான் பழைய விளையாட்டுகளில் ஊறியவள். அவற்றில் இருமுனைத் தடி என்றால் ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாக மந்திரம் ஏற்ற வேண்டும். அந்த நினைப்பில், புத்தகத்தைத் திறக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அவனுக்கு எழுதலாம் என்று எத்தனை தடவை போனை எடுத்திருப்பேன்? வறட்டுக் கௌரவம்... எழுதவில்லை.

கார் பார்க்கில் நான் வாயைத் திறக்குமுன் ஐயரே முடித்துவைத்தார். "பூட்டி ஓடேக்க ரெண்டும் ஒரு வாகனந்தானே? ஒரு பூசை காணும்." ஐந்து செக்கன்கூட ஆகவில்லை, அவருக்கு.

பூசை முடிந்ததும் நிமலனைத் தனியாகக் கூப்பிட்டேன். "அண்டைக்கு நான் சொன்னது பிழை, நிமலன். மந்திரம் துப்பாக்கிக்கும் சேரும். மாறன் செத்திருக்கக் கூடாது."

"எனக்கு அப்பவே தெரியும் அக்கா. புத்தகத்தில அந்தப் பக்கம் எனக்குப் பாடம்."

"பிறகேன் வாயைத் திறக்கேல்ல?"

ட்ரெய்லர் பூட்டை ஆட்டிப் பார்த்தபடி சொன்னான். "கிழமை முழுக்க லோயரிட்டையும் விசா ஒஃபிஸிலையும் என்ர பக்கம் நியாயம் இருக்கெண்டு சொல்லிச் சொல்லியே களைச்சுப் போவன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது ஒண்டையும் நிரூபிக்காமல் இருப்பம் எண்டுதான் உங்கட வீட்டுக்கு வந்தனான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கென்று இருந்ததே அந்த ஒரு மத்தியானம்தான். அதையும் நான் ஒரு விசாரணை ஆக்கிவிட்டிருக்கிறேன்.

"தீர்ப்பை மாத்திறன்" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "வெடி பட்டது. மாறன் உயிரோட இருக்கிறான். வாற ஞாயிறு வா."

நிமலன் ட்ரெய்லரைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா, இந்த நாட்டில நான் அப்பீல் போடாமல் வென்ற ஒரே கேஸ் இதுதான்!"