பச்சைப் பக்கத்தில் ஒரு நீலச் சுவெற்றர்

கிளாஸ்கோ நகரத்தில் யாராவது உங்களிடம் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் என்று கேட்டால், உங்கள் படிப்பை விசாரிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். பாண் சுடும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பக்கத்தில் நின்ற பில்லி என்ற வெள்ளைக்காரன் இதைக் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. எங்கள் ஊர்ச் சைவப் பாடசாலையின் முழுப்பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவன் நெற்றியைச் சுருக்கி, "அது எங்களுடையதா, அவர்களுடையதா?" என்றான். "அரசாங்கத்தினுடையது" என்றேன். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவன் மாவைப் பற்றி மட்டும்தான் பேசினான்.

விஷயம் விளங்க ஒரு மாதம் எடுத்தது. பள்ளிக்கூடத்தின் பெயர் தெரிந்தால் நீங்கள் கத்தோலிக்கரா, புரட்டஸ்தாந்தரா என்று தெரிந்துவிடும். அது தெரிந்தால் பச்சை உதைபந்தாட்டக் கழகமா, நீலக் கழகமா என்று கேட்கவே தேவையில்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். "தம்பி எவடம்? ஆற்றை பிள்ளை? கோயிலுக்கு வடக்கையோ, தெற்கையோ?" என்று நாங்கள் சாதி அறிய நூல் விட்டுப் பார்ப்பதும் இதே விசாரணைதான். நான் விமானம் ஏறியதற்குச் சண்டை ஒரு காரணம் என்றால், இந்தக் கேள்வி இன்னொரு காரணம்.

இரண்டு கழகங்களுக்கும் நூறு வயது எப்போதோ கடந்துவிட்டது. நீலக் கழகத்தைப் பூங்காவில் பந்து உதைத்த சில இளைஞர்கள் தொடங்கினார்கள். அப்போது அதற்கு மதம் கிடையாது. அயர்லாந்திலிருந்து பசியோடு கப்பலேறி வந்த கத்தோலிக்கர் நகரத்தின் கிழக்கில் நெருங்கிக் குடியிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவதற்காகப் பிறகு ஒரு துறவி பச்சைக் கழகத்தைத் தொடங்கினார். காலம் போகப்போக நீலம் புரட்டஸ்தாந்தரின் மானமாகி, பல பத்தாண்டுகளாகக் கத்தோலிக்க வீரர்களுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தது. கடைசியில் பெயர்பெற்ற ஒருவரைச் சேர்த்தபோது, நீல ஆதரவாளர் சிலர் தங்கள் கழகத்துச் சால்வைகளையே கொளுத்தினார்கள். இதைப் பில்லி சொல்லி முடித்த அன்றே நான் பச்சையானேன். பின்னொரு காலத்தில் நீலக் கழகம் நொடித்துப்போய் ஆகக் கீழ்ப் பிரிவிலிருந்து தொடங்கியபோது, தொழிற்சாலை முழுவதற்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் மேலே ஏறிவர நான்கு வருடம் எடுத்தது, நான்கு வருடமும் எனக்கு நல்ல நித்திரை.

இவ்வளவு வன்மம் ஒரு வெளிநாட்டுக் கழகத்தின் மேல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நீர்வேலிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு மைதானம், அது அந்தத் தோட்டங்களின் சொந்தக்காரர்களுடைய கழகத்துக்கு உரியது. எங்கள் குறிச்சிப் பெடியள் அங்கே கால் வைக்க முடியாது. பந்து வேலி தாண்டி வந்தால் எடுத்து எறியலாம், அவ்வளவுதான். நாங்கள் பனங்காணி ஒன்றைத் துப்புரவாக்கி எங்களுக்கென்று ஒரு கழகம் வைத்திருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயதாக இருக்கும்போது, இறுதியாட்டம் ஒன்றுக்கு முன் அவர்களுடைய முன்வரிசைக்காரனுக்குக் கால் சுளுக்கிவிட்டது. அவர்களின் கப்டன் சிவநேசன் சைக்கிளில் வந்து எங்கள் ஒழுங்கை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். போனேன். இரண்டு கோல் அடித்தேன். கிண்ணத்தோடு அவருடைய வீட்டுக்குப் போனோம். எல்லோரும் விறாந்தையில் இருந்து எவர்சில்வர் தம்ளரில் தேத்தண்ணீர் குடித்தார்கள். எனக்கு மட்டும் கடையிலிருந்து ஒரு சோடாப் போத்தல் வந்தது. "வெயிலுக்கை விளையாடினனீ, குளிராய்க் குடி" என்று சிவநேசன் அன்பாகத்தான் சொன்னார். அவர்கள் வீட்டுத் தம்ளரில் என் வாய் படக்கூடாது என்பதற்கு அதுதான் மரியாதையான வழி. முற்றத்தில் நின்று முழுவதையும் குடித்தேன். ஏன் குடித்தேன் என்ற கோபம் இன்றுவரை ஆறவில்லை.

ஊருக்குக் கிட்டத் திருநெல்வேலியில் இருக்கிற என் தங்கச்சி தொலைபேசியில், "இப்ப உதொண்டும் ஒருத்தரும் பாக்கிறேல்லை அண்ணை" என்பாள். "அப்ப ஏன் இன்னும் ஊரிலை ரெண்டு கழகம்?" என்று கேட்டால், "அது வேறை கதை" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

போன வருடம் சிவநேசன் கிளாஸ்கோவுக்கே வந்துவிட்டார், மகளோடு ஆறு மாதம் நிற்பதற்கு. தமிழ்க் கடையில் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தார். "உன்ரை ரெண்டு கோலை இண்டைக்கும் ஊரிலை கதைக்கினம்!" என்றார். சோடாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. இங்கத்தைய பெரிய ஆட்டம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பச்சைக் கழக மைதானத்தில் எனக்கு ஒரு நிரந்தர இருக்கை உண்டு. நீலத்தோடு ஆட்டம் வந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் சுகமில்லாமல் தன் ரிக்கற்றைத் தந்தார். கவனமாகக் கூட்டிக்கொண்டுபோய்க் கொண்டுவந்து விடுவேன் என்று மகளிடம் வாக்குக் கொடுத்தேன்.

அன்று மத்தியானம் அவர் தடித்த கறுப்புக் கோட்டோடு வந்தார். கழுத்தடியில் நீலச் சுவெற்றர் எட்டிப் பார்த்தது, அச்சொட்டாக அந்த நீலம். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வர நேரம் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. உள்ளே போய் இருந்ததும் வெயில் அடித்தது. "வெக்கையாய் இருந்தால் கோட்டைக் கழட்டுங்கோ அண்ணை" என்றேன். என் குரல் எவ்வளவு அன்பாக இருந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவர் கழற்றி மடியில் வைத்தார். பாவி மனிதர், நீலத்துக்காரன் ஒருவன் பந்தோடு நான்கு பேரை வெட்டிக்கொண்டு ஓட, எழும்பி நின்று கைதட்டினார்.

எங்களைச் சுற்றி ஐம்பது பேராவது எழும்பினார்கள். அவர்கள் கத்திய எதுவும் அவருக்கு விளங்கவில்லை, விரல்கள் தன்னை நோக்கி நீள்வது மட்டும் விளங்கியது. இரண்டு காவலர்கள் வந்து அவரை வெளியேறச் சொன்னார்கள், நான் இருக்கலாம் என்றார்கள். "தம்பி, நான் என்ன பிழை விட்டனான்?" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பொய் சொல்ல மாட்டேன், அது சந்தோஷம்தான். அவர் படிகளில் தடுமாறி இறங்குவதை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் எழும்பினேன். இரக்கத்தால் அல்ல, மகளிடம் கொடுத்த வாக்குக்காக.

வெளியே மதிலோரம் வைத்து, "நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை. நானும் அண்டைக்கு ஒரு பிழையும் விடேல்லை" என்றேன். எண்டைக்கு என்று கேட்பார், விளாசலாம் என்று காத்திருந்தேன். அவர் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். "நீ மறந்திருப்பாய் எண்டு நினைச்சன்" என்றார்.

"நீங்கள் மறக்கேல்லையோ?"

"இல்லை."

இத்தனை வருடமும் அவருக்கு அது ஞாபகமே இல்லை என்றுதான் நான் எரிந்துகொண்டிருந்தேன். ஞாபகம் வைத்துக்கொண்டு கட்டிப்பிடித்தவர் என்று தெரிந்ததும் எரிவு இரட்டித்தது.

தெரு முனையில் பொலிஸ்காரன் ஒருவன் மறித்தான். ஆட்டம் முடிந்து சனம் கைகலக்காமல் இருக்க, பச்சைக்கு ஒரு தெரு, நீலத்துக்கு ஒரு தெரு என்று பிரித்திருந்தார்கள். என் பச்சைச் சால்வையையும் அவர் கழுத்தடி நீலத்தையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்கள் எந்தப் பக்கம்?" என்றான்.

"என்ன கேக்கிறான்?" என்றார் சிவநேசன்.

"எந்தப் பக்கமெண்டு கேக்கிறான்."

"ஒரே ஊரெண்டு சொல்லு தம்பி."

அந்த வசனத்தை ஊரில் அவர் வாயால் ஒரு தரம் கேட்டிருந்தால் நான் இந்தத் தெருவில் நின்றிருக்கவே மாட்டேன். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. "அவர் நீலம், நான் பச்சை" என்றேன். பொலிஸ்காரன் இரண்டு கைகளையும் விரித்து இரண்டு தெருக்களைக் காட்டினான். அவருக்கு வழி தெரியாது. எனக்கு இரண்டு வழியும் தெரியும். இருவரும் அசையாமல் அங்கேயே நின்றோம்.